மணவீட்டு இசையும் மானிட உழைப்பும்

யாழ்ப்பாணத்திலே ஒரு கலியாணம் என்பது இரு உள்ளங்களின் இணைப்பு மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பும், பல நாடுகளிற் சிதறிக் கிடக்கும் உறவினரின் அபிப்பிராயங்களும், சோதிடர் குறித்துத் தந்த முகூர்த்த வேளையும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் களம் அது. பொன்னுருக்கு, கன்னிக்கால், கூறைச்சேலை, தாலிக்கொடி, மண்டபம், மணவறை, சமையல், மேளம், படப்பிடிப்பு என நீளும் பட்டியலை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு சென்ற ஆண்டின் பெரும்பகுதியை நாம் அலைந்து கழித்தோம். எம் தங்கையின் கலியாணம். தந்தையார் இல்லாத வீட்டில் தமையன் தலையில் விழும் சுமை எத்தகையதென்பதை இந்நாட்டு ஆசிரியர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அப்பட்டியலின் அடியில், ஒரு நாள், தங்கை தன் கையெழுத்தில் ஒரு சொல்லைச் சேர்த்து வைத்திருந்தாள்: ‘டி.ஜே.’

பாட்டுக்களைத் தெரிந்தெடுத்து, ஒன்றின் முடிவை மற்றொன்றின் தொடக்கத்தோடு தாளம் பிசகாமற் பிணைத்து, கூடியிருப்போரின் மனநிலையறிந்து ஒலிக்கச் செய்பவனையே இன்று எல்லோரும் அவ்வாறு அழைக்கின்றனர். பூப்புனித நீராட்டு விழாக்களிலும் மாலை வரவேற்புகளிலும் அவனில்லாத மண்டபம் இப்பொழுது அரிது.

குடும்பச் சபை கூடிற்று. பெரியப்பா கொதித்தெழுந்தார். “மேளம் பிடிச்சாப் போதாதே? தமிழன்ரை கலியாண வீட்டிலை இந்தக் கூத்தெல்லாம் என்னத்துக்கு? நீ தமிழ் படிச்சு வாத்தியாராய் இருக்கிறாய், நீயே சொல்லு!” என்று எம்மைப் பார்த்தார். பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவர் இத்தகைய வேளையில் என்ன சொல்ல வேண்டுமென்று ஊர் எதிர்பார்க்கிறதோ, அதையே நாமும் சொன்னோம். மரபு, பண்பாடு, தனித்துவம் ஆகிய மூன்று சொற்களையும் வரிசையாக உதிர்த்தோம். தங்கை கேட்டாள்: “அண்ணா, காலமை தாலிகட்டுக்கு மேளம். பின்னேரம் என்ரை சிநேகிதியள் ஆடுவினம். அதிலை என்ன பிழை?”

என்ன பிழை? அன்றிரவு அந்தக் கேள்வி எம்மை உறங்கவிடவில்லை.

நம் பண்பாட்டின் அடையாளமென்று பெரியப்பா சுட்டிய மேளத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழகத்திலிருந்து கோயில்களின் பொருட்டு வரவழைக்கப்பட்ட இசைக் குடும்பங்கள் இணுவில், அளவெட்டி, சாவகச்சேரி முதலிய ஊர்களில் வேரூன்றி வளர்த்த கலை அது. தவிலிலே ஈடிணையற்றவராய்த் தமிழகத்தையும் வியக்க வைத்த தெட்சணாமூர்த்தி (1933–1975) அம்மரபிலே உதித்தவர். அவருடைய பெயரைச் சொல்லிப் பெருமைப்படாத யாழ்ப்பாணத்தவர் எவருமிலர். ஆனால் எம் பாட்டனார் வீட்டுக் கலியாணங்களைப் பற்றி எம் தாயார் சொல்லும் கதை வேறு. மேளக்காரருக்குக் கோடிப்புறத்திலே பாய் விரிக்கப்படுமாம். விருந்தினர் பந்திகளெல்லாம் எழுந்த பின்னரே அவர்களுக்குச் சாப்பாடு போகுமாம். நாதசுரத்தின் நாதம் மணவறைக்குள் வரலாம். அதை ஊதியவர் பந்திக்குள் வரலாகாது! இதுவும் நம் பண்பாடாகத்தான் இருந்தது.

அதற்கும் கீழே ஒரு படி இருந்தது. மேளம் பிடித்துக் கலியாணம் செய்யும் உரிமையே சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட மக்கள் இம்மண்ணில் வாழ்ந்தனர். 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளிலே பாடசாலைகளிற் சம ஆசனமும் சமபோசனமும் வேண்டுமென்ற முயற்சி எழுந்தபோது பள்ளிக்கூடங்களுக்கே தீ வைத்த மண் இது. 1957 ஆம் ஆண்டிற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டிலே கிடந்தது. 1966 முதல் தேநீர்க் கடைகளின் முன்னும், 1968 இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலிலும் மக்கள் திரண்டு நின்று அதற்கு உயிர் கொடுக்க வேண்டியதாயிற்று. மரபு என்ற சொல்லை நாம் உச்சரிக்கும்போது இவையனைத்தையும் சேர்த்தே உச்சரிக்கின்றோம் என்பதை அன்றிரவு உணர்ந்தோம்.

இன்னொரு கதையும் நினைவுக்கு வந்தது. 1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. மின்கலங்களோ தடைசெய்யப்பட்ட பொருள்கள். எம் சித்தியின் கலியாணம் 1993 இல் நடந்தது. அப்போது நாம் விவரமறியாக் குழந்தை. ஒரு சைக்கிளை நிறுத்தி, டைனமோவிலிருந்து கம்பியிழுத்து, கசெற் றேடியோவுக்குக் கொடுத்து, ஊர்ப் பொடியன்கள் முறைவைத்து மிதித்தார்களாம். மிதிப்பவன் களைத்தால் பாட்டும் களைத்து இழுபட்டதாம். “ஆரும் வந்து மாறுங்கோ, பாட்டுக் கிழடாப் போகுது!” என்று யாரோ சொல்ல, பந்தல் முழுவதும் சிரித்ததாம். மிதித்த பொடியன்களுக்கு முதற் பந்தியிலேயே இலை போட்டார்களென்று தாயார் சொல்வார். பாட்டுக்குப் பின்னால் ஒரு மனிதனின் கால் இருக்கிறதென்பதை அன்று எல்லோரும் கண்ணாற் கண்டனர். மின்சாரம் வந்தபின் அந்தக் கால் நம் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

டி.ஜே. என்பது பணக்கார நாட்டுப் படாடோபம் என்றே நாமும் எண்ணியிருந்தோம். அதன் பிறப்பைத் தேடிப் படித்தபோது எமக்கு வெட்கமே மிஞ்சியது. ஜமெய்க்காவின் கிங்ஸ்ரன் நகரிலே, 1950 களில், வாத்தியக் குழுவை அமர்த்த வசதியற்ற ஏழை மக்கள் பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவுக்குக் கொண்டுவந்து இசைத்தட்டுப் போட்டு ஆடினர். அங்கிருந்து நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்த குடும்பமொன்றின் இளைஞன் கிளைவ் காம்பெல். கூல் ஹேர்க் என்பது அவன் ஏற்ற பெயர். 1973 ஓகஸ்ட் 11 ஆம் நாள், பிறொங்ஸ் பகுதியிலுள்ள தொடர்மாடிக் குடியிருப்பொன்றின் பொது மண்டபத்தில், பாடசாலை தொடங்குமுன் புதிய உடுப்பு வாங்கக் காசு சேர்ப்பதற்காக அவனுடைய தங்கை ஒரு விருந்து நடத்தினாள். நுழைவுக் கட்டணம் சில சதங்கள். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழல்மேசைகளில் வைத்து, தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மாறி மாறி நீட்டி, ஆடுவோரை அவன் ஆடவைத்தான். கறுப்பின உழைக்கும் மக்களின் தெருக்களிலே, கையிலிருந்த பழைய இசைத்தட்டுக்களையே வாத்தியமாக்கிய கலை இது. இதைப் படாடோபமென்று தள்ள நாம் யார்?

எனவே தங்கையின் பக்கம் சேர்ந்தோம். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் ஒரு கலையின் வரலாற்றை மதிப்பது எளிது. அக்கலையைச் செய்பவன் கூலி கேட்டு முன்னே நிற்கும்போது அவனை மதிப்பது எளிதன்று. இதை அடுத்த வாரமே கற்றோம்.

நண்பரொருவர் அனுப்பிய இளைஞன் படலையடியிலே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, “சேர், என்னைத் தெரியேல்லையோ? நான் உங்களிட்டைப் பத்தாம் வகுப்புப் படிச்சனான்” என்றான். தெரிந்தது. பாட நேரத்தில் மேசையிலே தாளம் போட்டதற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம். தந்தை சீவல் தொழிலாளி. பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தார். மகன் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தினான். அதற்கு மேல் அவனைப் பற்றி நாம் விசாரித்ததில்லை.

95,000 ரூபா என்றான். எமது ஒரு மாதச் சம்பளத்தையும் அதற்கு மேலும் விழுங்கும் தொகை. ஆசிரியர் என்ற உரிமையோடு, “தம்பி, நீர் எங்கடை பொடியன் எல்லே, எழுபதுக்குச் செய்யும்” என்றோம். அவன் மறுத்துப் பேசவில்லை. பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து, எம் முன்னிலையிலேயே எழுதிக் காட்டினான். வான் கூலி 12,000. உதவியாளர் இருவருக்கு 12,000. ஜெனரேட்டர் வாடகையும் டீசலும் 15,000. விளக்குகளின் வாடகை 14,000. ஒலிபெருக்கிகளுக்கு மாதந்தோறும் கட்டும் லீசிங் பணத்தில் இந்த ஒரு நாளின் பங்கு 18,000. கூட்டினால் 71,000. மீதி 24,000, அதுவே அவனுடைய கூலி. நாம் கேட்டபடி எழுபதுக்குச் சம்மதித்திருப்பானாயின், தன் சட்டைப்பையிலிருந்து 1,000 ரூபாவை எம் தங்கைக்குச் சீதனமாகத் தந்திருப்பான்!

அந்த 24,000 உம் ஒரு நாட் கூலியன்று. மண்டபத்தை முன்கூட்டியே பார்க்க ஒரு நாள், பாட்டுக்களைத் தெரிந்து ஒழுங்குபடுத்தச் சில இரவுகள், பொருள்களை ஏற்றி இறக்க இன்னொரு நாள் என எல்லாம் அதனுள் அடக்கம். மேலும், கலியாணங்கள் ஆண்டு முழுவதும் நடப்பனவல்ல. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே சுபநாளில் எத்தனையோ வீடுகள் அவனைத் தேடும். ஆடியிலும் மார்கழியிலும் அவனைத் தேடுவாரில்லை. மேளக்காரருக்கு அக்காலங்களில் ஓரளவு கோயில் உண்டு, இவனுக்கு அதுவுமில்லை. 2020 இலும் 2021 இலும் கொரோனாவால் கொண்டாட்டங்கள் நின்றபோது லீசிங் கட்ட முடியாமல் ஒரு சோடி ஒலிபெருக்கியை விற்றிருக்கிறான். 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபின் அதே பெட்டியை மீண்டும் வாங்கப் போனபோது விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. இவற்றையெல்லாம் முறையீடாகச் சொல்லவில்லை. நாம் கேட்கக் கேட்கச் சொன்னான்.

95,000 ரூபாவுக்கு ஒப்புக்கொண்டோம். பின்னர் ஓர் ஒப்பந்தத் தாளை நீட்டினான். பதினொரு விடயங்கள் அதிலே இருந்தன. திகதி, மண்டபம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், முற்பணம், மீதிப் பணம் தரும் வேளை, விழா ஒத்திப்போனால் என்ன செய்வது, மின்சாரம் நின்றால் யார் பொறுப்பு என ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருந்தது. வகுப்பிலே எம்மிடம் கட்டுரைக்குக் குறைந்த புள்ளி வாங்கியவன் எழுதிய அந்தத் தாளில் ஒரு சொல்லும் மிகையில்லை.

ஒன்று மட்டும் இல்லை. “சாப்பாட்டைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையே?” என்று கேட்டோம்.

சிறிது நேரம் பேசாமலிருந்தான். “நாங்கள் கட்டிக்கொண்டு வாறனாங்கள் சேர். சில வீடுகளிலை கூப்பிடுவினம், சில வீடுகளிலை பார்சல் குடுத்து ஜெனரேட்டரடியிலை இருந்து சாப்பிடச் சொல்லுவினம். சில இடத்திலை ஆற்றை பொடியன் எண்டு கேட்ட பிறகு அதுவும் இல்லை. அதைத் தாளிலை எழுதினால் வேலை கிடையாது.”

‘ஆற்றை பொடியன்?’ யாழ்ப்பாணத்திலே இக்கேள்வியின் பொருளை அறியாதார் உண்டோ? தந்தையின் பெயரை அறிய எவரும் இதைக் கேட்பதில்லை. முதல் நாள் பெரியப்பா எம்மிடம் கேட்ட கேள்வியும் இதுவே. நாம் அப்போது பதில் சொல்லாமற் சமாளித்திருந்தோம். அச்சமாளிப்பும் ஒரு பதிலே என்பது இப்போது விளங்கிற்று. பேனையை எடுத்துப் பன்னிரண்டாவது விடயத்தை எம் கையால் எழுதினோம்: ‘இசை வழங்கும் மூவருக்கும் மணவீட்டு விருந்தினரோடு பந்தியில் உணவு.’ இருவரும் கையொப்பமிட்டோம்.

அதன் பின் நாற்பது நாள்கள் ஆயத்தம். கலியாணம் செய்யவிருக்கும் இளைஞர்களுக்குப் பயன்படுமென்பதால் அவனிடம் நாம் கற்றவற்றிற் சிலவற்றைக் கூறுகின்றோம். முகூர்த்த நாள் தெரிந்தவுடனேயே இசைப்பவனை ஒழுங்கு செய்தல் வேண்டும்; ஏனெனில் நமக்குச் சுபநாள் எதுவோ அதுவே ஊரெல்லாவற்றுக்கும் சுபநாள். முற்பணம் அவன்மீது காட்டும் நம்பிக்கை மட்டுமன்று. நம்பொருட்டு அவன் இழக்கும் ஏனைய வீடுகளுக்கான ஈடு. மண்டபத்தை அவனோடு சென்று பார்த்து, மின்னிணைப்பு எங்கே, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பவற்றை அறிந்து வைத்தல் வேண்டும். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நாட்டிலே ஜெனரேட்டரை வீண்செலவென்று எவரும் சொல்லார்.

ஒலிபெருக்கிகள் முதியோர் அமரும் பக்கம் நோக்கி நிற்கலாகாது. பொலிஸ் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதி பெறல் வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாதென்று உயர் நீதிமன்றம் 2007 இல் விதித்ததை நினைவிற் கொண்டு நிகழ்ச்சியை 9.45 க்கே முடிக்கும்படி திட்டமிட்டோம். அயல் வீட்டிலே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் தொழிலால் அலுத்துறங்கும் மனிதனும் நம் மகிழ்ச்சிக்குக் கடன்பட்டவர்களல்லர். வேண்டிய பாட்டுக்களின் பட்டியலை விட, வேண்டாத பாட்டுக்களின் பட்டியலே முக்கியமென்றான் அவன். பெண்களை இழிவுசெய்யும் பாட்டுக்களைத் தங்கை அதில் முதலாவதாக எழுதினாள். ‘இப்போது போடு, இப்போது நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரத்தை ஒருவரிடம் மட்டுமே கொடுத்தல் வேண்டுமென்றும் சொன்னான். பத்து மாமன்மார் பத்துக் கட்டளையிட்டால் எந்த இசையும் நில்லாது. அப்பொறுப்பைத் தங்கையின் சிநேகிதி ஒருத்தி ஏற்றாள்.

நாள் வந்தது. காலையில் மேளம் முழங்க, கெட்டிமேளத்தோடு தாலிகட்டு இனிதே நிறைவேறிற்று. நண்பகலில் அவ்விளைஞன் இரு உதவியாளரோடு வந்து பெட்டிகளை இறக்கினான். இரண்டாம் பந்திக்கு இலை போடப்பட்டது. நாதசுரக்காரரையும் தவில்காரரையும் அழைத்து அமரச் செய்தோம். அடுத்து, வியர்வை வழிய நின்ற அம்மூவரையும் அழைத்தோம். அவர்கள் தயங்கினர். “தாளிலை எழுதிக் கையெழுத்து வைச்சனாங்கள் எல்லே, வாருங்கோ” என்றோம். வந்து எமக்கருகே அமர்ந்தனர்.

எமக்கு எதிர் வரிசையிலே பெரியப்பா இருந்தார். சோறு பரிமாறப்பட்டுவிட்டது. அவர் அம்மூவரையும் பார்த்தார், எம்மைப் பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. கை கழுவப் போகிறவர்போல எழுந்தார், திரும்பி வரவில்லை. அவரைத் தொடர்ந்து இன்னும் மூன்று பேர் எழுந்தனர். மாப்பிள்ளை வீட்டார் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். தொடப்படாத நான்கு இலைகள் எம் முன்னே கிடந்தன. மேடையிலே இந்த வடு மறைய வேண்டுமென்று பலமுறை பேசியிருக்கிறோம். ஆனால் அந்த நான்கு இலைகளின் முன்னே எம் கை நடுங்கியதென்பதை மறைக்க விரும்பவில்லை. தங்கையின் புது வாழ்வுக்கு எம்மால் இடையூறு வந்துவிடுமோ என்ற அச்சமும் எழுந்தது. அவ்வேளையிலே மாப்பிள்ளையின் தாயார் வந்து, வெறுமையான இலைகளில் ஒன்றின் முன்னே தாமே அமர்ந்து, “பிள்ளையள், ஏன் பாத்துக்கொண்டிருக்கிறியள்? சாப்பிடுங்கோ” என்றார். பந்தி மீண்டும் அசைந்தது. அவர் எங்கும் சமத்துவம் பேசியவரென நாம் அறியோம். ஆனால் அன்று எமக்கு இல்லாத தைரியம் அந்த அம்மையாருக்கு இருந்தது.

மாலையில் அவ்விளைஞன் தன் தொழிலைச் செய்தான். முதியோர் இருக்கும்வரை பழைய பாட்டுக்கள் மெல்ல ஒலித்தன. அவர்கள் உணவுக்கு எழுந்தபின் தாளம் ஏறிற்று. தங்கையின் சிநேகிதிகள் ஆடினர். எம் தாயாரும் அமர்ந்தபடியே கை தட்டினார். 9.45 க்கு இசை நின்றது. பெரியப்பா மாலை வரவேற்புக்கு வரவேயில்லை. இன்றுவரை எம் வீட்டுப் படலையை மிதிக்கவுமில்லை. தந்தையார் மறைந்தபின் எம்மைப் படிப்பித்தவர் அவர். அந்த இழப்பு எமக்கு இலேசானதன்று. அவர் மனம் மாறி வரும் நாளை எதிர்பார்த்தே இருக்கின்றோம். ஆயின், அவர் வருவதற்காகப் பன்னிரண்டாவது விடயத்தை அழிக்க நாம் ஆயத்தமாயில்லை.

எல்லோரும் போனபின் மீதிப் பணத்தைக் கொடுத்தோம். வெளிச்சத்துக்குக் கீழே நின்று ஒவ்வொரு தாளாக எண்ணினான். பற்றுச்சீட்டில் ஒப்பமிட்டுத் தந்தான். தன் ஆசிரியர் தந்த பணத்தை அவர் முன்னிலையிலே எண்ணலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எண்ணாமல் வாங்கியிருந்தால் அது எமது தயவாகியிருக்கும். எண்ணி வாங்கினான்; அது அவனது கூலி.

ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே! மேளமா, டி.ஜே.யா என்று நம் வீடுகளில் நடக்கும் வாதம் முடிவற்றது. இரண்டும் இருக்கட்டும்; நாளை மூன்றாவதொன்று வரட்டும். ஊதுபவனும் அடிப்பவனும் ஒலிபரப்புபவனும் எங்கே அமர்கிறார்கள், எப்போது உண்கிறார்கள், பேசிய கூலியைப் பேசியபடி பெறுகிறார்களா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் வீட்டிலும் ஒரு நாள் கலியாணப் பட்டியல் எழுதப்படும். அப்போது அந்தப் பன்னிரண்டாவது விடயத்தை மறவாமல் முதலாவதாக எழுதுங்கள்.